குருசடைத் தீவின் பொய்த்தேளும் நாம் கூட்டித் தள்ளும் கரையும்

சென்ற வாரம் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையைத் தூய்மை செய்யும் பணியில் பங்கேற்றேன். சுள்ளிக்கல்லில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவுதான். காயல்களிலிருந்து அடித்துவரப்பட்ட ஆகாயத்தாமரை கரை நெடுகக் குவிந்து கிடந்தது. அதனிடையே நெகிழிப் புட்டிகள், அறுந்த வலைத்துண்டுகள், ஒற்றைச் செருப்புகள். நெகிழி தீர்ந்தபின் மாணவர்கள் பழைய மரக்கட்டைகளையும் தென்னை மட்டைகளையும் காய்ந்த பாசியையும் சாக்கில் இடத் தொடங்கினர். அவற்றை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டேன். காரணம் வினவினர். அக்கட்டைகளின் அடியில் குடும்பம் நடத்தும் சிற்றுயிர்கள் பலவுண்டு என்றும், அத்தகைய வாழிடத்தைச் சேர்ந்த கடற்கரைப் பொய்த்தேள் ஒன்று வெப்பமண்டலத் தீவொன்றில் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்றும் சொன்னேன். முதலாமாண்டு மாணவி ஒருவர், "அது அழிந்தால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் ஆசிரியப் பெருமக்களும் பொறுத்தருளிப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் உயிரியைப் பற்றிச் சில சொற்கள். பொய்த்தேள் தேளன்று. தேளைப் போன்ற இரு கொடுக்குகள் அதற்கு முன்புறம் உண்டு. நஞ்சு முள் தாங்கிய வால் இல்லை. சிலந்தியையும் தேளையும் உண்ணியையும் உள்ளடக்கிய அரக்னிடா வகுப்பில் இது தனியொரு வரிசை. பெரும்பாலான இனங்கள் 2 முதல் 8 மில்லிமீட்டர் நீளமே உடையவை. மனிதனுக்கு எத்தீங்கும் செய்வதில்லை. வாயுறுப்பிலிருந்து பட்டிழை சுரந்து சிற்றறை கட்டும். தோலுரிக்கும் காலத்தில் அதனுள் அடங்கியிருக்கும். தாய் தன் கருக்களை வயிற்றின் அடியில் ஒரு பையில் சுமந்து, தன் உடற்சுரப்பினாலேயே ஊட்டி வளர்க்கும். பழைய நூல்களின் தாள்களுக்கிடையே ஊரும் 'புத்தகத் தேள்' இவ்வரிசையைச் சேர்ந்ததே. நூல்களில் காணப்படும் வாலில்லாத் தேள் போன்ற சிற்றுயிரை அரிஸ்டாட்டிலே குறிப்பிட்டிருக்கிறார். மனிதகுலத்துக்கு இவ்வளவு பழைய அறிமுகம் உடைய ஓர் உயிர்க்கூட்டம், இன்றும் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராததாக இருக்கிறது.

இவ்வரிசையில் காரிப்பஸ் என்னும் பேரினம் கடற்கரைக்கே உரியது. அலை தொடும் எல்லைக்குச் சற்று மேலே, கடல் ஒதுக்கிவிட்ட கட்டை, கல், பாசிக்குவியல் ஆகியவற்றின் அடியில் அது வாழ்கிறது. அவ்வெல்லைக்குக் கீழே சென்றால் அலை கொண்டுபோகும். மேலே சென்றால் அதற்குரிய ஈரமும் இரையும் இல்லை. அதன் உலகம் சில அடி அகலமுள்ள ஒரு நாடா மட்டுமே. உலகின் மிகப்பெரிய பொய்த்தேள் இப்பேரினத்தைச் சேர்ந்த காரிப்பஸ் டைட்டானியஸ். அதன் நீளம் 12 மில்லிமீட்டர். தென் அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவை ஒட்டி நிற்கும் போட்ஸ்வெயின் பறவைத் தீவு என்னும் சிறு பாறைத்தீவில் மட்டுமே அது வாழ்கிறது. 1950-களின் இறுதியில் பிரித்தானியப் பறவையியலாளர் குழுவொன்று கடற்பறவைகளை ஆராய அங்குச் சென்றது. அதன் தொடர்ச்சியாக 1961-இல் வியன்னாவைச் சேர்ந்த மாக்ஸ் பையர் இவ்வினத்துக்குப் பெயரிட்டார். இன்று அது மிக அருகிய இனம் எனப் பட்டியலிடப்பட்டுள்ளது.

அசென்ஷனில் நடந்ததைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கொண்டுவரப்பட்ட பூனைகள் முதன்மைத் தீவின் கடற்பறவைகளைச் சிதைத்தன. பறவைகள் பாறைத்தீவுகளில் ஒடுங்கின. பின்னர் நீண்ட முயற்சியால் பூனைகள் அகற்றப்பட்டு, 2006-இல் அத்தீவு காட்டுப்பூனைகளற்றது என அறிவிக்கப்பட்டது. அசென்ஷன் கடற்கொள்ளைப் பறவை 2012-இல் முதன்மைத் தீவுக்கே திரும்பிக் கூடு கட்டியது. பறவையைத் தேடிப் போனவர்கள் பாறையிடுக்கையும் பார்த்தார்கள்; பார்த்ததைப் பதிந்தார்கள்; பதிந்ததால்தான் அந்தப் பொய்த்தேளை 'அருகியது' என்று சொல்லும் தகுதி உலகுக்கு வந்தது. அருகிய இனம் என்ற பட்டம் ஓர் உயிரின் நிலையை மட்டும் உரைப்பதில்லை. யாரோ ஒருவர் அங்குச் சென்று குனிந்து பார்த்தார் என்பதையும் சேர்த்தே உரைக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். இதே பேரினத்தின் ஓர் இனம் தமிழ்நாட்டுத் தீவொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது: காரிப்பஸ் குருசடையென்சிஸ். மன்னார் வளைகுடாவில், பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவே அப்பெயரின் மூலம். பெயரிட்டவர்கள் வெளிநாட்டினர் அல்லர். சென்னை இலயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு மரபில் வந்த வி. ஏ. மூர்த்தியும் தி. நா. அனந்தகிருஷ்ணனும் 1977-இல் 'இந்தியன் கெலோனெத்தி' என்ற தனிவரைவு நூலை வெளியிட்டனர். இந்தியப் பொய்த்தேள்கள் பற்றிய இருநூறு பக்க நூல் அது. அதில்தான் குருசடையின் பொய்த்தேள் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. இலைப்பேன்களின் ஆய்வில் உலகறிந்த அனந்தகிருஷ்ணன் பின்னர் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். ஒரு கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து இத்துணைப் பெரும்பணி விளைந்தது என்பதை இன்றைய ஆய்வு மாணவர்கள் நினைவில் கொள்ளல் நன்று.

குருசடை அறிவியலுக்குப் புதிய தீவும் அன்று. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றியே தனித் தொகுதி வெளியிட்டது. அதன் பின்னணியில் இருந்த எஃப். எச். கிரேவ்லி சிலந்தி, தேள் முதலியவற்றின் ஆய்வாளருமாவார். உயிரியலாளரின் சொர்க்கம் என்று பல தலைமுறை விலங்கியல் மாணவர்கள் அத்தீவைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பலனோகிளாசஸ் என்னும் ஏகோர்ன் புழுவைக் காண அங்குப் படகேறியிருக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் வலையமைப்பிலும் அது இடம்பெற்றது. ஆயினும் அத்தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு முதன்மைக் காரணமாகச் சுட்டப்படுகிறது. குருசடையைச் சுற்றியுள்ள பவளங்கள் மீதே, வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்னும் அயற்பாசி படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். தீவு அமிழும்போது பவளம் மட்டும் போவதில்லை. அதன் கரையும், கரையின் கட்டைக்கடியில் இருந்ததும் உடன் போகின்றன.

இவ்வளவு பாதுகாப்புப் பெயர்களைச் சுமந்த கரையில் பொய்த்தேளின் இடம் எது? காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் ஆவுளியா உண்டு; 2001 முதல் பவளங்களும் கடலட்டைகளும் உண்டு; நிக்கோபாரின் தென்னை நண்டும் உண்டு. பொய்த்தேள் எதுவும் இல்லை. இல்லாமைக்கு யாரையும் குறை கூற இயலாது. எண்ணிக்கை தெரியாத உயிரை அட்டவணையில் சேர்ப்பது எங்ஙனம்? ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையில் கட்டட விலக்குத் தொலைவு உயர் ஓத வரம்பிலிருந்து அளக்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் அத்தொலைவை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அதன்மீது எழுந்த விவாதங்கள் அனைத்தும் அவ்வரம்பிலிருந்து நிலம் நோக்கி எத்தனை மீட்டர் என்பதைப் பற்றியவை. அளவுகோலின் தொடக்கப் புள்ளியிலேயே வாழும் உயிர் எவர் கண்ணிலும் படவில்லை. கடலை ஆராய்வோர் அலைக்குக் கீழே நோக்குகின்றனர். காட்டை ஆராய்வோர் மரங்களை நோக்குகின்றனர். இடையிலுள்ள ஒதுங்கல் கோடு இரு துறைகளுக்கும் புறம்பாய்ப் போயிற்று.

இதன் விளைவு நடைமுறையில் கொடியது. ஒரு திட்டத்துக்கான சூழலியல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்தால் பாலூட்டி, பறவை, ஊர்வன, மீன் எனப் பட்டியல்கள் இருக்கும். முதுகெலும்பற்றவை என்ற தலைப்பில் பெரும்பாலும் சில வண்ணத்துப்பூச்சிகளும் நண்டுகளும் நத்தைகளும் இடம்பெறும். தேடப்படாத உயிர் பட்டியலில் இராது. பட்டியலில் இல்லாத உயிர் அக்கரையில் இல்லை என்றே முடிவெடுப்போர் கொள்வர். அறியாமை இவ்விதம் அனுமதியாக மாறுகிறது. நிக்கோபாரின் பெயர் தாங்கிய காரிப்பஸ் நிக்கோபாரென்சிஸ் என்ற இனமும் உண்டு. 1930-இல் அதே மாக்ஸ் பையர் பெயரிட்டது. 2004 திசம்பர் 26-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்முனை சுமார் 4 மீட்டர் கீழிறங்கியது. பழைய கரைகள் நீருள் மூழ்கின. அதே தீவின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக முனையம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சூழலியல் அனுமதி வழங்கப்பட்டது. அவ்விரிகுடாவைப் பற்றிய வழக்குகளிலும் கட்டுரைகளிலும் தோணியாமை பேசப்படுகிறது, பவளம் பேசப்படுகிறது. அவை பேசப்பட வேண்டியவையே. ஆமை முட்டையிடும் அதே மணலின் மேல்விளிம்பில் வேறென்ன உள்ளது என்ற வினாவும் அவற்றோடு எழுந்திருக்க வேண்டும்.

பார்க்க ஆளில்லை என்பது ஒரு காரணம். பார்ப்பவருக்கு மதிப்பில்லை என்பது அதனினும் பெரிய காரணம். ஓர் இனத்தை விளக்கி எழுதும் கட்டுரை நூறாண்டு கழித்தும் பயன்படும். ஆனால் முதல் இரண்டாண்டில் அதனை மேற்கோள் காட்டுவோர் மிகச் சிலரே. மேற்கோள் எண்ணிக்கையையே தகுதியாகக் கொள்ளும் முறையில் வகைப்பாட்டியலாளர் தொடக்கத்திலேயே தோற்கிறார். 2020-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், உலகின் முதன்மை விலங்கு வகைப்பாட்டு இதழாகிய சூடாக்சா, தன்மேற்கோள் மிகுதி என்ற காரணத்தால் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆய்வாளர்களின் கண்டனத்துக்குப் பின் சில வாரங்களில் மீண்டும் சேர்க்கப்பட்டது. புதிய இனங்களைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரே இதழில் வெளிவரும்போது, அவை ஒன்றையொன்று சுட்டுவது இயல்பு. அதனைக் குற்றமாகக் கண்ட அளவுகோல்தான் நம் பணி நியமனங்களையும் பதவி உயர்வுகளையும் இன்றும் அளக்கிறது.

இந்நிலையிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படி கடந்து, வில்லிங்டன் தீவின் பாலங்களைத் தாண்டினால் தேவரை. அங்குள்ள திருஇருதயக் கல்லூரியின் விலங்கியல் துறை பல்லாண்டுகளாகச் சிலந்தி ஆய்வின் மையமாக விளங்குகிறது. அங்கிருந்த பி. ஏ. செபாஸ்டியன், கே. வி. பீட்டருடன் இணைந்து 2009-இல் வெளியிட்ட 'ஸ்பைடர்ஸ் ஆஃப் இந்தியா' நாடெங்கும் மாணவர்களின் கைந்நூலாயிற்று. இரிஞ்ஞாலக்குடையின் கிறிஸ்து கல்லூரியிலிருந்தும் புதிய சிலந்தி இனங்கள் தொடர்ந்து பெயர் பெறுகின்றன. 1977-இல் சென்னைக் கல்லூரியொன்று செய்ததை இன்று கேரளக் கல்லூரிகள் செய்கின்றன. இவ்வேலைக்குப் பேராய்வு நிறுவனமும் பெருநிதியும் முன்நிபந்தனைகள் அல்ல. ஒரு நல்ல நுண்ணோக்கியும், சாராயக் குப்பிகளும், பொறுமையும், அப்பொறுமையை மதிக்கும் ஒரு துறைத்தலைவரும் போதும்.

இனி எதிர்வாதங்கள். கரைவாழ் மக்களின் வீடு கடலில் விழுந்துகொண்டிருக்கும்போது பொய்த்தேளைப் பற்றிப் பேசுவது முறையா என்று கேட்பர். நேர்மையான கேள்வி. எங்கள் ஊருக்குத் தெற்கே செல்லானத்தில் மழைக்காலம்தோறும் கடல் வீடுகளுக்குள் புகுந்த கொடுமையை நாங்கள் அறிவோம். 344 கோடி ரூபாய் திட்டத்தில் அங்கு நாற்கால் கற்காரைச் சுவர் எழுந்தபின் அப்பகுதி மக்கள் நிம்மதியாக உறங்கினர். அச்சுவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எந்த ஆய்வாளருக்கும் இல்லை. நான் கேட்பது வேறு. சுவர் எங்கு இன்றியமையாதது, எங்கு வெறும் அழகுக்காகக் கரை கற்காரையாக்கப்படுகிறது என்று பிரித்தறியும் அறிவு நமக்கு வேண்டும். கடல் மட்டம் உயரும்போது இயற்கைக் கரையின் ஒதுங்கல் கோடு உட்புறம் நகரும். அதனுடன் அதன் உயிர்களும் நகரும். பின்னால் நடைபாதையும் சுவரும் இருந்தால் நகர இடமில்லை. எந்தக் கரையில் எது வாழ்கிறது என்ற பதிவு இருந்தால்தான், எங்கே இடம் விட வேண்டும் என்று சொல்ல முடியும்.

இன்னொரு வாதம் அதனினும் கூர்மையானது. குருசடைக்கு எதிரே பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்து வாழ்கின்றனர். தேசியப் பூங்கா அறிவிப்புக்குப் பின் தீவுகளை நெருங்குவது அவர்களுக்குத் தடையாயிற்று. அவர்கள் தாமே கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்ற கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டனர். அவர்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலம் லட்சுமி 2015-இல் சீக்காலஜி பரிசு பெற்றார். உயிர்களைக் காக்கவென்று சொல்லி அப்பெண்களின் உழைப்புக் களத்தை அரசு சுருக்கியிருக்கிறது. எனில், காக்கப்படுவன எவை என்று அவர்களுக்குச் சொல்லும் கடன் அறிவுலகுக்கு உண்டு. தீவைச் சுற்றி வேலி மட்டும் இட்டுவிட்டு, உள்ளே இருப்பதைப் பல பத்தாண்டுகள் எண்ணாமல் விடுவது, இழந்தவர்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி. அக்கரையின் ஓதத்தையும் ஒதுங்கலையும் அப்பெண்களைவிட நன்கு அறிந்தவர் எவர்? கணக்கெடுப்பில் அவர்களை ஊதியம் பெறும் களப்பணியாளர்களாகச் சேர்ப்பதே முறை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இங்கு முன்வைக்கிறேன்.

முதலாவது, தீவுகளிலும் கரைகளிலும் எழும் எத்திட்டத்தின் தாக்க மதிப்பீட்டிலும் ஒதுங்கல் கோட்டின் சிற்றுயிர்க் கணக்கெடுப்பு இடம்பெற வேண்டும். கரை நெடுகக் குறித்த இடைவெளியில் கட்டம் இட்டு, கட்டைகளைப் புரட்டி, மணலைச் சலித்து, இரு பருவங்களில் செய்யக்கூடிய எளிய பணி அது. மாதிரிகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட வேண்டும். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்பதும் 'தேடவில்லை' என்பதும் அறிக்கையில் வெவ்வேறு சொற்களால் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் வகைப்பாட்டியல் ஆய்வேடுகளை மேற்கோள் எண்ணால் அளக்கலாகாது. ஒரு பேரினத்தின் மீளாய்வு, ஒரு தீவின் முழுப் பட்டியல், பழைய விளக்கத்தின் திருத்தம் ஆகியவை முனைவர் பட்டத்துக்கு முழுத்தகுதி உடையவை என்று பாடத்திட்டக் குழுக்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். 2020-இல் இந்திய, மேற்குப் பசிபிக் கரைகளின் காரிப்பஸ் இனங்களைப் பற்றிய விரிவான மீளாய்வை வெளியிட்டவர்கள் மார்க் ஹார்வியும் அவர்தம் குழுவினரும். அவர்களது பணியிடம் ஆஸ்திரேலியா. அது பாராட்டுக்குரியது. அத்தகைய அடுத்த நூல் பாம்பனிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வரக்கூடாதா?

மூன்றாவது, நம் கையிலேயே இருப்பது. கரைத் தூய்மை என்பது நெகிழியும் கண்ணாடியும் வலையும் நீக்கலாகும். மரக்கட்டை, பாசி, கடற்புல், சிப்பி ஆகியவை கடல் கரைக்கு அளித்த உணவும் கூரையும்; அவை குப்பையல்ல. பொறிகொண்டு மணலைச் சீவிச் சமன் செய்யும் கரை புகைப்படத்துக்கு அழகாயிருக்கும். உயிருக்கு அது வெட்டவெளி. தூய்மைப் பணி நடத்தும் கல்லூரிகள் இவ்வேறுபாட்டை மாணவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருகிறேன். பொய்த்தேள் அழிந்தால் யாருக்கு என்ன நட்டம்? அதிலிருந்து மருந்து வரும் என்று பொய்யுரைக்க நான் விரும்பவில்லை. வேளாண்மை நின்றுவிடும் என்றும் அச்சுறுத்த மாட்டேன். அதன் இழப்பால் நம் அன்றாட வாழ்வில் எதுவும் மாறாமல் போகலாம். ஆனால் ஒரு தீவின் பெயரை ஓர் உயிருக்குச் சூட்டியவர்கள் நாம். நம் மொழி வழங்கும் நிலத்தில், நம் கல்லூரியில் இருந்தவர்கள் சூட்டினார்கள். பெயர் சூட்டல் ஒரு வாக்குறுதி. மீண்டும் போய்ப் பார்ப்போம் என்பதே அதன் பொருள். அவ்வாக்கைக் காப்பாற்றாத கல்விப்புலம், அடுத்த தலைமுறைக்குத் தரும் பட்டியலில் எவை உயிருள்ள பெயர்கள், எவை வெறும் எழுத்துகள் என்று பிரித்துக்காட்ட இயலாமல் தலைகுனியும். நட்டம் முதலில் நமக்குத்தான்.

மாற்றுக் கருத்துடையோர் தயங்காது எழுதுக; பிழை இருப்பின் திருத்திக்கொள்வேன். வரும் சனிக்கிழமை காலை மீண்டும் அதே கரைக்குச் செல்கிறோம். வர விரும்பும் மாணவர்கள் சாக்குடன் ஓர் உருப்பெருக்கியும் கொண்டுவாருங்கள். கட்டையைப் புரட்டிப் பாருங்கள். பார்த்தபின் இருந்தபடியே திருப்பி வையுங்கள்.